மௌன அறையில் வஞ்சிரம்

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் நம் ஊரில் ஏராளம். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். பூசணிக்காய்க்கு வாசனை கிடையாது, கெட்டிக்காரர்கள், பிழைத்துக்கொண்டார்கள். ஆனால் அரைக் கிலோ வஞ்சிரக் கருவாட்டை நாலு சுவருக்குள் மறைத்து ஜெயித்தவர் என்று யாரையும் இதுவரை நான் கேள்விப்பட்டதில்லை. முயற்சி செய்த ஒருத்தியைத் தெரியும். தினமும் தலை வாரும்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

நாங்கள் இருப்பது சென்னீர்குப்பத்தில், ஹைவேயிலிருந்து கொஞ்சம் உள்ளே. பத்துக் குடும்பங்கள் கூடிப் பேசி, இடம் வாங்கி, சேர்ந்தே கட்டிக்கொண்ட பத்து வீடுகள். நடுவில் முற்றம், பொதுச் சமையலறை, ஒரு கூடம், கூடத்தை ஒட்டி, எல்லாரும் சேர்ந்து பேசாமல் உட்கார ஒரு மௌன அறை. அழகான தமிழ்ப் பெயர் ஒன்று வைத்து கேட்டில் பலகையும் மாட்டினோம். ஆட்டோக்காரர்கள் அந்தப் பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பத்தூடா? குந்துக்கா" என்பார்கள். பத்தூடு என்றே நிலைத்துவிட்டது.

பத்தூட்டில் யார் வீட்டுப் பண்டிகையும் எல்லார் வீட்டுப் பண்டிகை. கிறிஸ்துமஸுக்குக் கடைசி வீட்டு ஸ்டெல்லா அக்கா நட்சத்திரம் மாட்டினால் ஏணியைப் பிடிக்க ஆறு பேர் நிற்போம். ரம்ஜான் மாதம் முழுக்க சாயங்காலம் யாருக்கும் சமையல் கிடையாது, நோன்புக் கஞ்சிதான். சாமி பேதமே கிடையாது. பேதமெல்லாம் மனிதர்களுக்குள்தான். எந்த முடிவாக இருந்தாலும் பத்து வீடும் தலையாட்ட வேண்டும், ஒரு தலை ஆடாவிட்டால்கூட முடிவு இல்லை. பொதுக் குப்பைத் தொட்டி பச்சையா நீலமா என்று பேசவே மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிற்று. (கடைசியில் சிவப்பு வாங்கினோம்.)

இங்கே வரவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவள் நான். என் கணவர் பாஸ்கர் "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். சொந்தக்காரர்கள்தான் சிரித்தார்கள். அதிலும் வானகரத்தில் இருக்கும் என் ஓரகத்தி வசந்தா அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

"கூட்டுக் குடும்பம் ஆவாதுன்னு தனியா போனவ, இப்ப ஒம்போது ஊட்டுக்காரங்களோட கூட்டுக் குடும்பமா? ஆறு மாசம் தாங்காது, எழுதி வெச்சிக்கோ."

என்னை நம்பி வந்தது என் மாமியார் மட்டும்தான். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குள் சண்டை வராத நாள் கிடையாது, சண்டை முடிந்து சேர்ந்து டீ குடிக்காத நாளும் கிடையாது. அவர் இல்லாத வீட்டில் எனக்குச் சோறு இறங்காது. (அவரிடம் இதைச் சொன்னதில்லை. சொன்னால் தலையில் ஏறி உட்கார்ந்துகொள்வார்.) குத்தம்பாக்கத்திலிருந்து மூட்டை கட்டும்போதே ஒரு நிபந்தனை போட்டார்.

"ஆடி மாசம் ஆத்தாளுக்குக் கூழு ஊத்தணும். ஒரு வருசம் நிறுத்துனதில்ல நானு. அங்க ஊத்த முடியும்னா வர்றேன். முடியாதுன்னா பெரியவன் ஊட்டுக்குப் போய்ட்டே இருப்பேன்."

"தாராளமா ஊத்தலாம் அத்தை" என்றேன். எதற்கும் தலையாட்டுவது அப்போது எனக்கு ஒரு வியாதி.

ஆடி வந்தது. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் விழாப் பொறுப்பு என் பெயருக்கே விழுந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை! வேப்பிலைத் தோரணம், மஞ்சள் துணி, பம்பை மேளத்துக்கு ஆள் என்று ஆபீஸில் உட்கார்ந்துகொண்டே திட்டம் போட்டேன். காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஒரு நாகாத்தம்மன் கல் இருக்கிறது. அங்கே படையல், முற்றத்தில் கூழ். கூட்டத்தில் இதைச் சொன்னதும் எல்லாத் தலையும் ஆடியது. விஸ்வநாதன் சார் தலை மட்டும் பாதியில் நின்றது.

விஸ்வநாதன் சார் எங்கள் பக்கத்து வீடு. ஆவடியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பத்தூடு என்ற யோசனையே அவருடையதுதான். வெங்காயத்தைக்கூட யோசித்துச் சாப்பிடுகிற சுத்த சைவம். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"ரொம்ப சந்தோஷம்மா கலை. பொது விழான்னா பொது அடுப்பு. பொது அடுப்புல சைவம் மட்டும்னு நாம பேசி வெச்சிருக்கோம். கூழோட வேற ஒண்ணும் வராதே?"

"சேச்சே, வெங்காயம், பச்சை மிளகாய், முருங்கைக்கீரை, அவ்வளவுதான் சார்" என்று தலையாட்டினேன்.

மாடிக்கு வந்தால் அத்தை கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"கருவாட்டுக்கு யாருகிட்ட சொல்லிகீற?"

"கருவாடு வேணுமா அத்தை?"

முறம் நின்றது. "இன்னாடி கேள்வி இது? கருவாடு இல்லாத கூழு கூழா? வேண்டுதலே அதாண்டி. எங்க மாமியா காலத்துலேர்ந்து ஆத்தாளுக்கு வஞ்சிரம் வெச்சிக் கூழு ஊத்துற ஊடு இது. ஒனக்கு முடியலன்னா சொல்லிடு."

"வரும் அத்தை. கண்டிப்பா வரும்." மறுபடியும் தலையாட்டினேன். ஒரே கழுத்து, ஒரே சாயங்காலம்.

அத்தை லேசுப்பட்டவர் இல்லை. அன்று இரவே வானகரத்துப் பெரிய மகனுக்குப் போன் போட்டார். "ஞாயித்துக்கெழம காரை எட்த்துக்கினு வாடா. கருவாட்டைக் கண்ணுல பாத்தா கூழு குடிச்சிட்டுப் போ. பாக்கலன்னா என்னையும் ஏத்திக்கினு போ." பெட்டியையும் கட்டி வாசல் ஓரம் வைத்துவிட்டார்.

ஸ்டெல்லா அக்காவிடம் ஓடினேன். "அட, இதுக்கா அழுவுற? படையல் போடுற நேரத்துல எல்லாரும் வெளிய இருப்பாங்க. எங்க வீட்ல குழம்பு வெச்சு, மூடி எடுத்துனு வந்து மரத்தடியில வெச்சிடலாம். வெச்ச பிறகு யாரு எடுப்பா?" என்றார். எனக்கு அந்த நிமிஷம் ஸ்டெல்லா அக்கா ஒரு மாதா சொரூபமாகவே தெரிந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் பூந்தமல்லி மார்க்கெட்டில் கருவாடு வாங்கினேன். நல்ல தடி தடியான துண்டுகள். பத்தூட்டுக்கு வந்து பார்த்தால் ஸ்டெல்லா அக்கா வீட்டில் பூட்டு. தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறார், காலையில்தான் வருவாராம். கையில் பையோடு முற்றத்தில் நிற்கிறேன். வீட்டுக்கு எடுத்துப் போனால் அத்தை அப்போதே ஒரு துண்டை எண்ணெயில் போட்டு, "வஞ்சிரம் வந்துடுச்சேய்!" என்று ஊரைக் கூட்டிவிடுவார். பக்கத்துச் சுவரில் விஸ்வநாதன் சார். எங்கே போவேன்?

விழாப் பொறுப்பாளரிடம் எல்லாச் சாவியும் இருக்கும். மௌன அறையில் சுவரோரமாக ஒரு நீள மரப்பெட்டி உண்டு. உட்காருகிற மெத்தைகளை அதில்தான் அடுக்கி வைப்போம். அடுத்த மௌனம் அடுத்த வாரம்தான். பையைப் பெட்டியின் அடியில் திணித்தேன். அதன் மேல் ஒரு ஜமுக்காளத்தைப் போட்டேன், மெத்தைகளை அடுக்கினேன், பெட்டியை மூடினேன், அறையைப் பூட்டினேன். 'கலைச்செல்வி, உனக்கு மூளை இருக்குடி!' என்று என்னையே மெச்சிக்கொண்டு தூங்கப் போனேன்.

அத்தை கேட்டார், "வந்திச்சா?"

"காலையில வந்துடும் அத்தை."

"பாப்போம்" என்று பெட்டியைத் தட்டிவிட்டுப் படுத்தார்.

காலையில் முற்றமே ஜெகஜோதி! நொய் வெந்து, புளித்த கேழ்வரகு மாவு விழுந்து, அண்டாவில் கூழ் குமிழி விட்டது. ஸ்பீக்கரில் அம்மன் பாட்டு, குழந்தைகள் கையில் வேப்பிலை. ஸ்டெல்லா அக்கா வந்ததும் பையை எடுத்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. நான் ஏணி மேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று பாட்டு நின்றது. எல்லாரும் வரிசையாக உள்ளே போகிறார்கள்.

"எங்க போறாங்க?" என்று பாஸ்கரைக் கேட்டேன்.

"மௌன அறைக்கு. கூழுக்கு முன்னாடி எல்லாரும் சேர்ந்து அரை மணி நேரம் மௌனம்னு சார் நேத்து குரூப்ல போட்டாரே, பாக்கலையா?"

எப்படிப் பார்ப்பேன்? குப்பைத் தொட்டி விவாதத்தின்போதே அந்த குரூப்பின் வாயை அடைத்து வைத்திருந்தேன். ஏணியிலிருந்து இறங்கினேனா விழுந்தேனா என்று தெரியாது, ஓடினேன். அதற்குள் மாற்றுச் சாவி போட்டுக் கதவைத் திறந்து, மெத்தைகளை எடுத்து வட்டமாகப் போட்டு, எல்லாரும் உட்கார்ந்தாகிவிட்டது. நல்லவேளை, ஜமுக்காளத்தை யாரும் தூக்கவில்லை. ஆனால் பெட்டி மூடி திறந்தே கிடந்தது. மூட எட்டு வைத்தேன். "உக்காரும்மா கலை" என்று விஸ்வநாதன் சார் தன் எதிரிலேயே ஒரு மெத்தையைக் காட்டினார். மணியைத் தட்டினார்.

அந்த மணி ஒருமுறை அடித்தால் மறுமுறை அடிக்கும்வரை பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது, கண் திறக்கக் கூடாது. சட்டம்.

நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து வைத்திருந்தேன். பிரச்சனை பெட்டியில் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ராத்திரி முழுக்க வஞ்சிரத்தோடு ஒரே பெட்டியில் படுத்திருந்த மெத்தைகள்! ஆளுக்கொன்றாக அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தோம். உடம்புச் சூடு ஏற ஏற, ஒவ்வொருவர் அடியிலிருந்தும் தனித்தனியாகக் கருவாடு மணக்க ஆரம்பித்தது.

யாரும் பேச முடியாது அல்லவா? அதனால் ஆளாளுக்கு ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாஸ்கர் மெதுவாகத் தலையைக் குனிந்து தன் அக்குளை மோந்து பார்த்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் அரையடி நகர்ந்தார். விஸ்வநாதன் சாரின் மனைவி மங்களம் மாமி முந்தானையை மூக்கில் வைத்தார். மணிக்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்திருந்த ஸ்டெல்லா அக்கா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து 'எங்கடி வெச்சே?' என்று புருவத்தாலேயே கேட்டார். காரில் வந்து இறங்கிய கையோடு மாட்டிக்கொண்டு, கதவோரம் கைப்பையோடு உட்கார்ந்திருந்த வசந்தா அக்கா, 'இவங்க யாருமே குளிக்கிறதில்ல போல' என்று எங்கள் எல்லாரையும் பரிதாபமாகப் பார்த்தார். பாவம் விஸ்வநாதன் சார்தான். மூச்சை நன்றாக ஆழ இழுத்து விடவேண்டும் என்பது அவர் சொல்லிக் கொடுத்தது. அறையிலேயே அதிகமாக இழுத்தவரும் அவர்தான்.

அப்போது ஜன்னலில் முதல் பூனை வந்தது.

சாம்பல் நிறக் கடுவன். குதித்து உள்ளே வந்து பெட்டி முன்னால் உட்கார்ந்தது. அதன் பின்னால் ஒரு தாய்ப்பூனை. அதன் குட்டிகள். அப்புறம் இதுவரை நான் பார்த்தே இராத பூனைகள். சென்னீர்குப்பத்தில் இத்தனை பூனைகள் இருக்கின்றன என்பது பஞ்சாயத்துக்கே தெரிந்திருக்காது. எல்லாம் பெட்டியைப் பார்த்து வரிசையாக உட்கார்ந்தன. எங்களைவிட அவை ஒழுங்காக மௌனம் காத்தன. எனக்கோ வேர்த்து ஊற்றியது. 'தாயே நாகாத்தா, அந்த மணியை அடிக்க வை' என்று வேண்டினேன்.

தாய் வேறு விதமாக அருள் புரிந்தாள். அத்தையின் மூக்கு விடைத்தது. தலை மெல்ல ஆடியது. பிறகு தோள். பிறகு இடுப்பு. கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

"ஏய்ய்ய்!"

பூனைகள்கூட நடுங்கின. அத்தைக்குச் சாமி வந்துவிட்டது!

சட்டமாவது மணியாவது, எல்லாரும் எழுந்து கை கூப்பினார்கள். யாரோ கற்பூரத்துக்கு ஓடினார்கள். சாமி வந்தால் கேட்கவேண்டியதைப் பெரியவர்தான் கேட்கவேண்டும் என்று எல்லாரும் விஸ்வநாதன் சாரை முன்னால் தள்ளினார்கள். அவர் வாழ்க்கையில் சாமியோடு நேரில் பேசியதில்லை.

"அம்மா... தாயே... என்ன வேணும்?"

"கூழு வெச்சே! கீரை வெச்சே! என் கருவாடு எங்கடா?"

"தாயே, அது வந்து... பத்து வீடும் சேர்ந்து ஒரு மனசா முடிவு பண்ணின விஷயம்..."

"என்னைக் கேட்டியா? என் மனசு கணக்குல இல்லியா?"

அந்த நேரம் பார்த்துக் கடுவன் பெட்டிக்குள் பாய்ந்தது. ஜமுக்காளத்தைப் பிறாண்டியது. ஒரு மஞ்சள் பையின் காதைக் கவ்வி இழுத்து வெளியே போட்டது. பை கவிழ்ந்து, நல்ல கொழுத்த வஞ்சிரத் துண்டு ஒன்று வழுக்கிக்கொண்டு வந்து விஸ்வநாதன் சாரின் காலடியில் நின்றது.

"ஆத்தா!" என்று அறையே அலறியது. கேட்ட மாத்திரத்தில் வரவழைத்துவிட்டாளே! ரெண்டு பேர் தடாலென்று காலில் விழுந்தார்கள். விஷயம் தெரிந்த ஸ்டெல்லா அக்காவே சிலுவை போட்டுக்கொண்டார். நானும் பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். (எப்பேர்ப்பட்ட நடிகை!) தப்பித்துவிட்டேன், இனி இது ஆத்தாளின் பொறுப்பு என்று நெஞ்சு துள்ளியது.

கட்டிய கணவனைப் போல ஒரு எதிரி உண்டா? பாஸ்கர் குனிந்து அந்தப் பையை எடுத்தார். விரித்தார். முகம் மலர்ந்தது.

"அட, கலை! இது நம்ம கல்யாணத் தாம்பூலப் பை!"

அதோடு விட்டாரா? எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார். "பாஸ்கர், கலைச்செல்வி. தங்கள் நல்வரவை விரும்பும்..."

அத்தைக்குச் சாமி அந்த நொடியே மலையேறிவிட்டது. முடியை முடிந்துகொண்டு என்னைப் பார்த்தார். பத்து வீடும் பார்த்தது. பூனைகளும் பார்த்தன.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சாருக்குத் தலையாட்டியது, அத்தைக்குத் தலையாட்டியது, மார்க்கெட், பூட்டு, பெட்டி. பாதியிலேயே அழுகை வந்துவிட்டது. கதவோரத்திலிருந்து வசந்தா அக்கா தேனாகக் கேட்டார், "அத்தை, பொட்டிய கார்ல ஏத்தச் சொல்லட்டா?"

அத்தை விஸ்வநாதன் சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போய்விட்டது. இந்த மனுஷி காரில் ஏறிவிட்டால் நாளைக் காலை நான் யாரோடு சண்டை போடுவேன், யாரோடு டீ குடிப்பேன்?

சார் காலடியில் கிடந்த துண்டைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். (அதுவும் ஆழமாக.)

"மணி இன்னும் அடிக்கலையே" என்றார். "பாதி நேரம் பாக்கி இருக்கு. எல்லாரும் உக்காருங்கோ."

உட்கார்ந்தோம்! நடுவில் வஞ்சிரம், சுற்றிலும் நாங்கள், எங்களைச் சுற்றிப் பூனைகள். கண்ணை மூடினோம். பிறகு எங்கிருந்தோ 'க்ளுக்' என்று ஒரு சத்தம். மங்களம் மாமி! சத்தம் போட்டுச் சிரித்து நாங்கள் பார்த்தறியாத மாமி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினார். முந்தானை தோற்றது. அவ்வளவுதான், அறை முழுக்கப் பற்றிக்கொண்டது. ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தோம். விஸ்வநாதன் சார் சிரிப்பை அடக்கியபடி மணியை எடுத்தார், கை நடுங்கியதில் அது தானாகவே நாலைந்து முறை அடித்தது.

சிரிப்பு ஓய்ந்ததும் அவர் அத்தை பக்கம் திரும்பினார். "ஏம்மா, வேண்டுதல்லயே கருவாடு உண்டுன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீ ஒரு வார்த்தை கேட்டியா சார்?"

"கேக்கல" என்று ஒப்புக்கொண்டார். "மரத்தடியில தனி அடுப்பு போட்டுக்கலாம். ஒரே ஒரு விஷயம், காத்து எங்க வீட்டுப் பக்கம் அடிக்கக் கூடாது."

பத்துத் தலையும் ஆடியது. பத்தூட்டின் சரித்திரத்திலேயே வேகமான முடிவு அதுதான். சார் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு காம்பவுண்டைச் சுற்றி நடந்து, புகை போகிற திசையைப் பார்த்து, தானே இடம் காட்டினார். மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினோம். பம்பை அதிர்ந்தது. ஆத்தாளுக்கு வஞ்சிரம் படைத்து, அத்தை குலவை போட்டு முதல் கரண்டிக் கூழை ஊற்றினார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது! தெருவே திரண்டு வந்து குடித்தது. மங்களம் மாமி முருங்கைக்கீரையோடு ரெண்டு சொம்பு குடித்தார். வசந்தா அக்கா கருவாட்டுக் குழம்போடு எத்தனை சொம்பு குடித்தார் என்று நான் பார்க்கவில்லை. போகும்போது மட்டும், "இங்க ஊடு எதுனா காலி ஆனா சொல்லுடி" என்று காதில் கிசுகிசுத்தார். அத்தை தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு மாடி ஏறினார்.

ராத்திரி மெதுவாகக் கேட்டேன். "அத்தை, காலையில நிஜமாவே ஆத்தாதானா?"

"ஆத்தாளுக்கு மட்டும் மூக்கு இல்லியாடி?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இதெல்லாம் நடந்து வருஷம் பல ஆகிறது. மெத்தைகளை எத்தனையோ முறை வெயிலில் போட்டோம், உறை மாற்றினோம், மழைக்காலத்தில் இன்னமும் லேசாக மணக்கும். கூட்டத்தில் நான் தலையாட்டினால் போதும், "கலை ரெண்டு பக்கமும் ஆட்டியாச்சா? பூனைக்குச் சொல்லி அனுப்பு" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கடுவன் திரும்பிப் போகவே இல்லை. விஸ்வநாதன் சார் காலையே சுற்றிக்கொண்டு அவர் வீட்டிலேயே தங்கிவிட்டது. மௌனி என்று பேர் வைத்தார். தயிர்சாதம் வைத்துப் பார்த்தார், அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. அதனால் அந்தச் சுத்த சைவம் இப்போது வாராவாரம் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குக் கருவாடு வாங்கப் போகிறது. எங்கள் தாம்பூலப் பையைத்தான் எடுத்துப் போகிறார். அதில் ஏற்கெனவே ஏறிய வாசனை ஏறினதுதானே, இன்னொரு பை எதற்கு என்பது அவர் கட்சி. அத்தையும் மாடியிலிருந்தே கத்துவார், "சார், நல்லா அமுக்கிப் பாத்து வாங்கு!"

போன வாரம் விஸ்வநாதன் சாருக்குக் கால் வலி. பாஸ்கர் பையை எடுத்துக்கொண்டு போனார். திரும்பி வந்தவர் முகம் தொங்கிக் கிடந்தது.

"என்ன ஆச்சு?"

"கருவாட்டுக்காரம்மா என்னை மேலயும் கீழயும் பாக்குது. பையைப் பாக்குது. 'இன்னா நைனா, பாஸ்கர் சார் வர்லியா இன்னிக்கு? ஒடம்பு கிடம்பு சரியில்லியா?'ன்னு கேக்குது. நான்தான் பாஸ்கர்னு சொன்னா நம்பவே மாட்டேங்குது!"

பையில் அச்சடித்திருந்த பெயரால் விஸ்வநாதன் சார் இத்தனை நாளும் அங்கே பாஸ்கர் சாராகவே இருந்திருக்கிறார். திருத்தவே இல்லை.

"இத்தனை வருஷம் காப்பாத்தி வெச்ச பேரு, போச்சு" என்று பாஸ்கர் சோபாவில் விழுந்தார்.

அத்தை அவர் கையிலிருந்த பையை வாங்கி, பிரித்து, ஒரு துண்டை மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"பேரு போனா போவுது வுடுடா. கருவாடு வந்திச்சில்ல?"